பட்டணத்துத் தெருவுல வண்டி போடப் போற மருமவனுக்கு

ஏ மருமவனே, புது வண்டி எடுத்துட்டியாம்லா. வெள்ளைக் கலரு, நல்லாருக்கு. பிள்ளையார் கோயில்ல பூசை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கியாச்சு. இப்ப அதை ஓட்டிக்கிட்டு மேற்கு மாம்பலத்துல ஒங்க சித்தப்பா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போறியாக்கும். கோவில்பட்டியில இருந்து மெட்ராசு வரைக்கும் நாலு வழிச் சாலை, கண்ண மூடிக்கிட்டு ஓட்டிருவே. கடைசி அறுபது அடியிலதான் இருக்கு சோலி. வருசாவருசம் மக வீட்டுத் திண்ணையில ஒக்காந்து அந்தத் தெருவ வேடிக்க பாக்குறவன் சொல்லுதேன், கேட்டுக்கோ.

சித்தப்பாவோட அடுக்குமாடி வாசல்லயே ஒரு பலகை தொங்கும்: 'விருந்தினர் வாகனங்களை வெளியே நிறுத்தவும்'. ஒனக்கு இலை உள்ள, வண்டிக்கு வெளிய. சரின்னு வெளிய வந்தா எதுத்த வீட்டு கேட்டுல இன்னொரு பலகை: 'நோ பார்க்கிங்'. அதுக்குக் கீழ ஒரு கடை விளம்பரம். போலீசும் வைக்கல, கார்ப்பரேசனும் வைக்கல. கடைக்காரன் ஓசியாக் குடுத்த சட்டம் அது. அடுத்த வீட்டுல பலகை இருக்காது. ரெண்டு பூந்தொட்டி, ஒரு மணல் மூட்டை, கால் ஒடஞ்ச பிளாஸ்டிக் நாற்காலி இருக்கும். செடிக்கு வெயில் காட்ட வச்சிருக்காகன்னு நெனச்சிராத. பஸ் சன்னல் வழியா துண்டு போடுத மாதிரி, ஆபீசுக்குப் போன காருக்கு அந்த நாற்காலி எடம் பிடிச்சு வச்சிருக்கு.

நீ படிச்சவன், சட்டம் பேசுவே. பேசலாம். காம்பவுண்டுச் சுவரோட அவுக பட்டா முடிஞ்சு போச்சு. அதுக்கு அங்கிட்டு எல்லாருக்கும் பொது. 2024-ல ஐகோர்ட்டு வரைக்கும் வழக்குப் போயி, சென்னைப் போக்குவரத்துப் போலீசே அறிவிப்புக் குடுத்துது: அனுமதி இல்லாம வச்ச பலகை, மணல் மூட்டை எல்லாத்தையும் எடுத்துருங்க, இல்லன்னா நடவடிக்கைன்னு. எங்க மக தெருவுல ஒரு பலகைக்கு அதுக்கப்புறந்தான் புதுசாப் பெயிண்ட் அடிச்சாக. நீ தாராளமா வாதாடி செயிச்சு, வண்டியப் போட்டுட்டு மாடிக்குப் போயி பாயசம் குடி. எறங்கி வாறப்ப டயர்ல காத்து எறங்கிருக்கும். பாத்த சாட்சி ஒருத்தரும் இருக்க மாட்டாக. சிசிடிவி கேமரா ஒண்ணு பாத்துருக்கும். அது அந்த வீட்டுக்காரரு மாட்டுனது.

ஆனா ஒண்ணு, கேட்ட மறிச்சு நிறுத்திட்டுச் சட்டம் பேசாத. அங்க தப்பு ஒம்மேல. 2022-ல ஏத்துன கணக்குப்படி அபராதம் 500 ரூவா, மறுபடியும் மாட்டுனா 1,500. வண்டியக் கட்டி இழுத்துட்டுப் போனா அந்தக் கூலி தனி.

எடம் காலியாக் கெடக்குன்னு சந்தோசப்பட்டுராத. மெட்ராசுல ஒரு எடம் காலியாக் கெடந்தா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். மொதல்ல நிமிந்து பாரு. தென்னை மரமா? காய் வெட்ட ஆள் கெடைக்காமச் சலிச்சுப்போன வீடா இருக்கும். நீ வண்டியப் போட்டதும் காய் தானா எறங்கும். அப்புறம் பக்கத்துல பாரு. கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி நிக்குதா? தண்ணி லாரி வாற எடம் அது. நீ மறிச்சு நிறுத்துனா, பொம்பளைக கொடத்தோட வந்து ஒங்க மூணு தலைமுறையையும் கூப்புட்டு வெசாரிப்பாக. மயிலாப்பூர்ப் பக்கம் போனாலும் பங்குனி மாசம் மாடவீதியில வண்டிய வச்சிராத. அறுபத்து மூவரும் கெளம்பி வாறப்ப, நீ அறுபத்து நாலாவது ஆளா நடுத்தெருவுல நிப்பே.

தெருவுல எடம் தாராளமாக் கெடைக்கிற நாளும் உண்டு. 2024 அக்டோபர்ல மழைன்னு சொன்னவொடன வேளச்சேரிக்காரவுக காரையெல்லாம் ஓட்டிட்டுப் போயி மேம்பாலத்து மேல ரெண்டு பக்கமும் வரிசையா நிறுத்துனாக. அபராதம்னு சேதி பரவ, அப்பிடி ஒண்ணும் போடலன்னு போலீசே சொல்லிச்சு. அந்த மாதிரி நாளாப் பாத்துப் போ. தெருப்பூரா ஒனக்குத்தான். படகு மட்டும் கையோட கொண்டு போயிரு.

சரி, வழி இல்லாமலா இருக்கு? தெரு முக்குல மரத்தடியில இஸ்திரி போடுதவர் நிப்பாரு. மொதல்ல அவரப் பாரு. எந்த வண்டி எப்பப் போகும், எது எப்பத் திரும்பும், எந்த வீட்டுக்காரரு கோவக்காரரு, எல்லாம் அவருக்கு அத்துபடி. "அண்ணே, சாப்புட்டுட்டு வந்துருதேன், எங்க போடட்டும்?"னு பணிஞ்சு கேளு. ஐகோர்ட்டு குடுக்காத எடத்த அவரு குடுப்பாரு. அவரு 'நியூட்ரல்ல விடு'ன்னா விட்டுரு. ஹேண்ட்பிரேக்கப் போட்டு வச்சா தெருவே ஒன்னத் தேடும். போன் நம்பர எழுதிக் கண்ணாடிக்குள்ள வையி. கிரகப்பிரவேசத்துல ஓமம் நடக்குன்னு போன மௌனத்துல போட்டுராத.

பணிஞ்சு கேக்க மானம் தடுத்தா காசு குடு. ரயில்வே லைனுக்குக் கெழக்க, தி.நகர் தணிகாசலம் ரோட்டுல கார்ப்பரேசன் அடுக்கு நிறுத்தம் ஒண்ணு கட்டி வச்சிருக்கு. 200 காருக்கு மேல நிக்கும். அங்க போட்டுட்டு ஆட்டோவுல வா. ஆட்டோக்காரர்ட்ட பேரம் பேசுத கலைய இன்னொரு நாளைக்குச் சொல்லித் தாரேன்.

இம்புட்டுத் தொல்லை எதுக்குங்கேன்? நெல்லை எக்ஸ்பிரஸ்ல ஏறிப் படு, விடிஞ்சா எழும்பூரு. லோக்கல் ரயில்ல மாம்பலம் வந்து மேக்கால எறங்கு, சித்தப்பா வீட்டுக்கு நடந்தே போயிரலாம். வண்டிச் சாவிய இந்தா, இந்த ஆணியில மாட்டிரு. சும்மா நிறுத்தி வச்சா பேட்டரி எறங்கிரும்னு சொல்லுதாக; ஒங்க அத்தையும் திருச்செந்தூர் போகணும், திருச்செந்தூர் போகணும்னு ரொம்ப நாளாச் சொல்லிக்கிட்டே இருக்கா. போறதுக்கு முன்னால பெட்ரோல் மட்டும் நெறைய அடிச்சு வச்சிட்டுப் போ, என்ன?