பானிபட்டிலிருந்து பதில்

எங்கள் அத்திம்பேரிடம் "வஞ்சிநாடு எத்தனை மணிக்கு?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 1918இல் திருவனந்தபுரத்துக்கு வந்த ரயில் சாக்கையோடு நின்றுபோனதையும், 1931இல் தம்பானூர் வரை வந்ததையும் அவர் சொல்லி முடிப்பதற்குள் வஞ்சிநாடு வர்க்கலையைத் தாண்டியிருக்கும். கரமனைத் தெருவில் இந்த ரகம் வீட்டுக்கு ஒருத்தர் உண்டு. எங்களுக்கு வாய்த்தவர் கொஞ்சம் முற்றியவர்.

போன டிசம்பரில் வருமானவரித் துறையிலிருந்து அவர் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. தங்கள் வட்டி வருமானமும் ரிட்டர்னும் ஒத்துப்போகவில்லை, சரிபார்க்கவும். அவ்வளவுதான். அதை நோட்டீஸ் என்றுகூடச் சொல்ல முடியாது. அத்திம்பேர் பிரிண்ட் எடுத்து, நாலு ஃபோட்டோஸ்டாட் போட்டு (இந்த ஊரில் ஜெராக்ஸ் என்று யார் சொல்கிறார்கள்?), எனக்குப் போன் பண்ணினார்.

"குழந்தை படிப்புக்கு எடுத்த பணத்துக்குக் கணக்குக் கேக்கறாண்டா!"

யாரும் கேட்கவில்லை. பெண்ணின் காலேஜுக்காக சுகன்யா கணக்கிலிருந்து பாதியை எடுத்திருந்தார். தமிழ்நாட்டில் செல்வமகள் என்பார்களே, அதுதான். அதில் வருகிற வட்டிக்கும் வரி இல்லை, எடுக்கிற பணத்துக்கும் இல்லை. ஆனால் எடுத்த நாலரை லட்சம், ஃபீஸ் கட்டும்வரை நாலு மாசம் அவருடைய பேங்க் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தது. அது போட்ட குட்டி நாலாயிரத்துச் சொச்சம். அதை ரிட்டர்னில் காட்ட மறந்துவிட்டார். புதிய வரிமுறையில் இருப்பதால் சேமிப்பு வட்டிக்கான 80டிடிஏ கழிவும் கிடையாது. கட்ட வேண்டியது ஆயிரம் ரூபாய்க்குள்.

அத்திம்பேர் பதில் எழுதினார். பதினோரு பக்கம். முதல் பாராவே பானிபட். யுத்தம் இல்லை, 2015 ஜனவரி 22 அன்று பிரதமர் சுகன்யா திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர். அப்போது குழந்தைக்கு ஒன்பது வயசு, பத்து தாண்டினால் கணக்கு ஆரம்பிக்க முடியாது, அதனால் தாம் பட்ட அவஸ்தை என்று இரண்டாம் பக்கம். பிறகு வட்டி விகிதத்தின் சரித்திரம்: 9.1, அப்புறம் 9.2, 2020இல் 7.6க்குச் சரிந்ததற்கு ஒரு பக்கம் முழுக்கத் துக்கம், 2024இல் 8.2க்கு ஏறியதற்கு அரை வரி சந்தோஷம். ஏழாம் பக்கத்தில் குழந்தை பத்தாங்கிளாஸ் பாஸ்.

"அத்திம்பேர், அவன் கேட்ட வட்டி எங்கே?"

"கடைசியிலே வரும்டா."

"கடைசிப் பக்கத்துலயும் காணோமே!"

"பன்னண்டாவது எழுதிண்டிருக்கேன். ஆதியிலேர்ந்து சொன்னாத்தானே அவனுக்குப் புரியும்?"

'தகவல் சரி' என்று ஒரு இடத்தில் தட்டிவிட்டு, ரிட்டர்னைத் திருத்தி, பணத்தைக் கட்டினால் முடிந்தது என்றேன். பத்மநாபசுவாமி கோயிலுக்குள் பேண்ட்டோடு நுழைந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பதிலோடு பின் பண்ணி, வருஷாவருஷம் பணம் கட்டிய சீட்டுகள். எல்லாம் ஏப்ரல் 5க்குள் கட்டியவை. அந்தத் தேதி தாண்டினால் அந்த மாச வட்டி போச்சு. ஒரு சீட்டின் பின்னால் பென்சிலில் 'ஜுரம் 101' என்று இருந்தது. ஜுரத்தோடு போய் வரிசையில் நின்றிருக்கிறார். அதைப் பார்த்தபோது ஒரு நிமிஷம் எனக்கு வாய் எழவில்லை.

ஒரு நிமிஷம்தான். ஏனென்றால் இந்தப் பதினோரு பக்கத்தையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து டைப் அடித்தவன் நான். எனக்கும் குடும்பம் இருக்கிறது, எனக்கும் முதுகு இருக்கிறது, நானும்தான் வரி கட்டுகிறேன். ஒருநாள்கூட இந்த மனுஷர் "உனக்கு ஏதாவது வேலை இருக்காடா?" என்று கேட்டதில்லை.

திருத்துவதற்குக் கெடுவான டிசம்பர் 31க்கு இரண்டு நாள் முன்பு, அவர் மத்தியானம் தூங்கும்போது ரிட்டர்னைத் திருத்திப் பணத்தைக் கட்டிவிட்டேன். ஓடிபி அவர் போனில்தான் வந்தது. அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். பதினோரு பக்கமும் என் பீரோவில் இருக்கிறது. அனுப்பியாச்சு என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது தினம் காலையில் போன் பண்ணி, தபால் ரசீது நம்பர் கேட்கிறார்.