தூரின் நகரைப் பீன்யாவில் சுற்றிப் பார்த்தல்: ஓர் ஒப்பாய்வு

இத்தாலிய நகரம் ஒன்றை ஒரே நாளில் பார்த்து, தின்று, குடித்து முடிக்க விசா வேண்டும் என்பது பயண முகவர்கள் பரப்பிவரும் கொள்கை. பெங்களூர் மெட்ரோவின் பச்சைத் தடத்தில் ஏறி, தொழிற்பேட்டையான பீன்யாவில் வந்து இறங்கும் எவரும் இதை மறுக்கலாம் என்பதே இவ்வாய்வின் கருதுகோள். ரோமும் வெனிசும் முதல் சுற்றிலேயே கழிக்கப்பட்டன. லேத் சத்தம் போதாது. 1899இல் ஃபியட் பிறந்த தூரின்தான் பீன்யாவோடு சம்பந்தம் பேசத் தக்க ஊர்.

முதலில் காட்சிகள். தூரினின் பெருமை, சுமார் 18 கிலோமீட்டருக்கு நீளும் கூரையிட்ட வளைவு நடைபாதைகள். அரசர் போ ஆற்றங்கரைவரை நனையாமல் நடப்பதற்கென்றே அதில் ஒரு பகுதியைக் கட்டினார்களாம். துமகூரு சாலை மேம்பாலம் இங்கே அதே திருப்பணியைச் செய்கிறது. சாயங்கால மழை பிடித்தால் பைக்கில் வந்தவர்கள் அத்தனை பேரும் அதன் அடியில் அரசர்கள். தூரின் அரசருக்குப் பின்னால் யாரும் ஹாரன் அடித்திருக்கமாட்டார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது லிங்கோட்டோ. 1923இல் திறக்கப்பட்ட இந்த ஃபியட் தொழிற்சாலையில் கீழ்த்தளத்தில் மூலப்பொருளாக நுழைந்தது, தளம் தளமாக ஏறி, மொட்டைமாடி ஓட்டப்பாதையில் முழுக் காராக ஓடியது. பீன்யாவின் மொட்டைமாடிகளில் தண்ணீர்த் தொட்டியும் காயப்போட்ட சட்டைகளும் மட்டுமே தென்படுகின்றன என்பது உண்மை. ஆனால் லிங்கோட்டோ 1982இல் கார் செய்வதை நிறுத்தி, இன்று கடைகளும் ஓட்டலுமாகிப் பார்வையாளரை வரவேற்கிறது. தொழிற்சாலைக்கு அழகு கூடுவது வேலையை விட்ட பிறகுதான் போலும். பீன்யா இன்னும் ஷிஃப்ட் போட்டு ஓடுகிறது, அழகுக்கு அவசரமில்லை.

'இத்தாலியர் எவரேனும் இங்கே வந்து தங்கினரா?' என்று தேர்வாளர் கேட்கலாம். வந்தனர். இரண்டாம் உலகப் போரின்போது ஆப்பிரிக்கப் போர்முனையில் பிடிபட்ட இத்தாலியப் படையினரை ஆங்கிலேயர் பக்கத்து ஜாலஹள்ளி முகாமில் ஆண்டுக்கணக்கில் தங்கவைத்தார்கள். தங்குமிடம், உணவு இலவசம்; புறப்படும் தேதி மட்டும் சொல்லப்படவில்லை.

உணவில் ஒற்றுமை மலைக்கவைக்கிறது. தூரினில் காபியை நின்றபடி குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் கூடுதல். 1980களில் பெங்களூரில் பரவிய தர்ஷினி எனும் சிற்றுண்டிக் கடைகள் நாற்காலியையே ஒழித்து இந்தச் சிக்கலைத் தீர்த்துவிட்டன. ஒரு காபியை இருவர் பங்கிடும் 'பை டூ' முறை தூரினை இன்னும் எட்டவில்லை. அவ்வூரின் பிச்சரின் எனும் பானத்தில் காபி, சாக்லேட், பாலேடு மூன்றும் அடுக்கடுக்காக நிற்கும், கலக்கினால் குற்றம். இங்கே ஆற்றாமல் கொடுத்தால் குற்றம். கிரிசினி எனும் குச்சி ரொட்டி, 17ஆம் நூற்றாண்டில் வயிறு சரியில்லாத இளவரசனுக்காகச் சுடப்பட்டது என்பது அவ்வூர்க் கதை. காய்ச்சல்காரரைப் பார்க்க ரொட்டிப் பாக்கெட்டோடு போகும் நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

கடைசியாக ஒயின். தூரினுக்குத் தெற்கே, நெபியோலோ திராட்சையில் பிறக்கும் பரோலோ, விற்பனைக்கு வருமுன் குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும் என்பது சட்டம். பீன்யாவின் பதில், 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பெங்களூர் ப்ளூ திராட்சை. தள்ளுவண்டி மிக்ஸியில் அது முதிர ஆகும் காலம் இரண்டு நிமிடம். நிறம், மணம் இரண்டிலும் ஆய்வாளர் நடுநிலை வகிக்கிறார். உபசரிப்பில் மட்டும் பீன்யாவுக்கே முதலிடம்: பரோலோ ஊற்றுகிறவர் எவரும் 'உப்பு போடவா சார்?' என்று கேட்பதில்லை.