மேஜை மீமாம்சை

அற்பமென்று தள்ளப்பட்ட விஷயங்களிலேயே மனிதர்கள் பெரும்பாலும் தங்கள் மூலதனத்தை இழக்கிறார்கள் என்பது அனுபவஸ்தர்கள் அனைவரும் ஒப்புக்கொண்ட பிரமேயம். வீடு கட்டுகிறவனுக்கு மனையடி சாஸ்திரம் இருக்கிறது. கிணறு வெட்டுகிறவனுக்குக் கூவநூல் இருக்கிறது. குதிரை வாங்குகிறவனுக்கு அசுவ சாஸ்திரம் இருக்கிறது. ஆனால் ஒரு கூடத்தை வாடகைக்குப் பிடித்து, அதில் பச்சைக் கம்பளித் துணி போர்த்திய மேஜைகளைப் போட்டு, வாலிபர்களைக் கையில் குச்சியோடு அவற்றைச் சுற்றி நிற்கவைத்து ஜீவனம் நடத்த எண்ணுகிறவன், எந்த மேஜையைப் போடுவது என்று புரட்டிப் பார்க்க நம் பாஷையில் ஒரு நூலும் இல்லை. அக்குறையை ஓரளவு போக்கும் பொருட்டே இச்சிறு விசாரணை தொடங்கப்படுகிறது.

சாஸ்திர மரியாதைப்படி அதிகாரி, விஷயம், சம்பந்தம், பிரயோஜனம் என்னும் நான்கையும் முதலில் சொல்லிவிட வேண்டும். இந்நூலைக் கற்கும் அதிகாரி, கையில் கொஞ்சம் பணமும் வீட்டாரின் அரைமனதான சம்மதமும் உள்ளவன். விஷயம், மேஜை. பிரயோஜனம், மாதம் பிறந்தால் வாடகை கொடுப்பது. சம்பந்தம் என்பது பணம் போட்ட மாமனாரைப் பொறுத்தது; அதைப் பற்றி நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மேஜைகளின் பூர்வோத்தரத்தை ஆராயப் புகுந்தால் கட்டுரை முடியாது. ஸ்காட்லாந்து ராணி மேரி சிறையிலிருந்தபோது தன் பில்லியர்ட்ஸ் மேஜையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று குறைப்பட்டாள் என்பதும், மொஸார்ட்டின் வீட்டில் இம்மேஜை ஒன்று இருந்தது என்பதும் சரித்திரம். ஷேக்ஸ்பியரோ கிளியோபாத்ராவின் வாயிலாகவே தோழியைப் பில்லியர்ட்ஸ் ஆட அழைத்துவிட்டார்; அந்த மகாராணிக்கும் இந்த மேஜைக்கும் நடுவே ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு வருஷம் கிடக்கிறது. மகாகவிக்கு உண்டான இச்சலுகை மேஜை வாங்குகிறவனுக்குக் கிடையாது. அவனுக்கு இடம், காலம் இரண்டும் கறாராகவே இருக்கின்றன.

முதலில் பூர்வபட்சத்தைக் கேட்போம். "ஸ்னூக்கர் நம் மண்ணின் ஆட்டம், ஆகையால் எல்லா மேஜைகளும் ஸ்னூக்கர் மேஜைகளாகவே இருக்க வேண்டும்" என்பது ஒரு கட்சி. இக்கட்சிக்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1875இல் ஜபல்பூரில், மழையில் வெளியே போக வழியில்லாத ராணுவ அதிகாரிகள் சிலர் பில்லியர்ட்ஸ் மேஜையில் காலம் தள்ளிக்கொண்டிருந்தபோது, நெவில் சேம்பர்லின் என்னும் இளம் அதிகாரி (பிற்காலத்தில் பிரிட்டனின் பிரதமராக இருந்தவர் வேறு, இருவரையும் ஒருவராக்கிப் பேசுவோர் உண்டாகையால் இதை வற்புறுத்த வேண்டியிருக்கிறது) மேஜைமேல் இன்னும் சில வர்ணப் பந்துகளைச் சேர்த்துப் புதிய ஆட்டம் ஒன்றை உண்டாக்கினார். அவ்வாட்டத்தின் விதிகள் ஒழுங்காக எழுதப்பட்டுச் சுவரில் மாட்டப்பட்ட இடம் உதகமண்டலத்து ஊட்டி கிளப், ஆண்டு 1882. தாமே இதை உண்டாக்கினவர் என்று சேம்பர்லின் உரிமை கொண்டாடிப் பத்திரிகை ஒன்றுக்குக் கடிதம் எழுதியது 1938இல். அறுபத்து மூன்று வருஷம் பொறுத்திருந்து பாத்தியதை கோருகிறவரை நம் கோர்ட்டுக்காரர்கள் என்ன சொல்லியிருப்பார்களோ, பத்திரிகை ஏற்றுக்கொண்டது. ஆக, வருக்கியைப் போல ஸ்னூக்கரும் நீலகிரிச் சரக்கு என்று வாதிப்பவர்களை எளிதில் மடக்க முடியாது.

ஆயினும் இவ்வாதத்துக்குச் சமாதானம் உண்டு. பிறந்த ஊர் ஜாதகம் கணிக்க உதவும், கல்லாப்பெட்டிக்கு உதவாது. மேலும் அவ்விதிகள் மாட்டப்பட்டிருந்த சுவர், அங்கத்தினரல்லாதார் எட்டிப் பார்க்க முடியாத சுவர். அக்காலத்து கிளப்புகளில் இவ்வாட்டத்தை முழுமையாக அறிந்த நம்மவர், பெரும்பாலும், ஓரத்தில் நின்று எண்ணிக்கை சொல்லிக்கொண்டிருந்த மார்க்கராகவே இருந்திருக்க வேண்டும். துரை குறி தவறினால் மார்க்கர் மேஜையைப் பழிக்க வேண்டும். குறி தப்பாமல் விழுந்தால் துரையைப் புகழ வேண்டும். இவ்வளவு நுட்பமான தொழிலைச் செய்தவரின் அபிப்பிராயத்தை யாரும் எழுதிவைக்கவில்லை என்பது நமக்கு நஷ்டம்.

இனி அயல்நாட்டு மேஜைகள் இரண்டை விரைவில் தள்ளிவிடலாம். ஐரோப்பியக் கேரம் மேஜைக்குக் குழியே கிடையாது. மூன்று பந்துகள், நான்கு ஓரங்கள், அவ்வளவுதான். ஒரு பந்தால் மற்ற இரண்டையும் தொடுவதே அதன் சாரம். குழியில்லாத மேஜையைக் கோயம்புத்தூரில் போட்டால் வருகிற முதல் வாடிக்கைக்காரர் "குழி எங்கே?" என்று கேட்பார், இரண்டாமவர் மேஜை இன்னும் முடியவில்லை போலும் என்று நினைத்து அடுத்த வாரம் வருவார். ரஷ்யர்களின் பிரமிடு மேஜையில் குழி உண்டு. ஆனால் 68 மில்லிமீட்டர் பந்துக்கு அதைவிட நாலைந்து மில்லிமீட்டரே அகலமான மூலைக்குழி. புதிதாக ஆடுகிறவர் ஒரு பந்தை உள்ளே தள்ளுவதற்குள் உச்சிப்பொழுது அந்தியாகிவிடும். மணிக்கணக்கில் வாடகை வாங்குகிற முதலாளிக்கு இது கற்பக விருட்சமென்று தோன்றலாம். தோன்றட்டும், அந்த ஆட்டக்காரர் மறுநாள் வரமாட்டார்.

எஞ்சுபவை இரண்டு: ஸ்னூக்கர், பூல். இங்கேதான் விசாரணை சூடுபிடிக்கிறது.

கோயம்புத்தூரில் 40 அடிக்கு 30 அடி உள்ள ஒரு கூடம் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். ஸ்னூக்கர் மேஜையின் ஆடுதளம் 11 அடி 8½ அங்குல நீளம், 5 அடி 10 அங்குல அகலம். பெருக்கினால் 68 சதுர அடிக்குச் சற்று மேல். எட்டடி பூல் மேஜையின் ஆடுதளம் 88 அங்குலத்துக்கு 44 அங்குலம். 27 சதுர அடிக்குச் சற்றுக் குறைவு. ஒன்று மற்றொன்றைப் போல் இரண்டரை மடங்கு. மூன்று ஸ்னூக்கர் மேஜைகள் கொள்ளும் இடத்தில் ஏழு பூல் மேஜைகள் கொள்ளும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு, ஏழு மேஜை வாடகையையும் மனத்தில் வரவு வைத்து, அன்றிரவு நிம்மதியாக உறங்குகிறவர்கள் உண்டு. மறுநாள் காலை சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்க்கும்போது உண்மை தெரியும். மூன்று ஸ்னூக்கர் மேஜைகள் பக்கவாட்டில் வரிசையாக, மூச்சைப் பிடித்துக்கொண்டாவது, நின்றுவிடும். முன்னால் எட்டடி அகலத் துண்டு ஒன்று பெஞ்சுக்கும் கல்லாவுக்கும் மிஞ்சும். அதே துண்டை விட்டுவைத்தால் பூல் மேஜைகள் ஒரே வரிசையாக நான்குதான் நிற்கும். இரண்டாவது வரிசையை நுழைத்தால் உட்கார இடமிராது.

இதன் காரணம் மேஜையில் இல்லை, குச்சியில் இருக்கிறது. பெரிய மேஜையானாலும் சிறிய மேஜையானாலும் கியூ ஏறக்குறைய 58 அங்குலம்தான். ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும் பந்தை அடிக்க வேண்டுமானால் அக்குச்சி முழுவதும் மேஜைக்கு வெளியே இருக்கும். அதைப் பின்னுக்கு இழுக்க மேலும் சிறிது இடம் வேண்டும். ஆகவே எந்த மேஜைக்கும் நாற்புறமும் ஐந்தடி வெறுந்தரை விட்டாக வேண்டும். மேஜை சுருங்கினாலும் குச்சி சுருங்குவதில்லை. நம் பெரியோர் காகதாளீய நியாயம், தேகளீதீப நியாயம் என்று வகுத்தவற்றோடு இதையும் குச்சி நியாயம் என்று சேர்த்துக்கொள்ளலாம். கூடம் நடத்துகிறவன் வாடகை கொடுப்பது மேஜைக்கன்று, ஆடுகிறவனின் முழங்கைக்கு. இந்த நியாயம் தெரியாமல் இடம் பிடித்தவர்கள், சுவரோரத்து மேஜைக்கென்று அரைக்குச்சி ஒன்றை வாங்கி மூலையில் சாத்திவைத்திருப்பதைக் காணலாம். அதை எடுத்து ஆடுகிறவன் தோற்றால் குச்சியைச் சொல்லுவான், ஜெயித்தாலும் குச்சியைச் சொல்லுவான்.

இடத்துக்கு அடுத்தது காலம். ஸ்னூக்கரில் 15 சிவப்பு, 6 வர்ணம், 1 வெள்ளை ஆக 22 பந்துகள். சிவப்பொன்று போட்ட பிறகே வர்ணமொன்று போடலாம். போட்ட வர்ணம், சிவப்பு தீரும்வரை, மேஜைக்குத் திரும்பி வந்துவிடும். எல்லாம் தவறாமல் விழுந்தால் சாதாரணமாக எட்டக்கூடிய உச்சம் 147. புதியவர்கள் அடையும் எண்ணிக்கையை இங்கே வெளியிடுவது நாகரிகமாகாது. பந்தின் குறுக்களவு 52.5 மில்லிமீட்டர், பாக்கெட்டின் வாயோ உட்புறமாக வளைந்து, சற்றே பிசகி வந்த பந்தை இருபுறமும் தட்டி ஆட்டிவிட்டு வெளியே அனுப்பிவிடும் சுபாவமுள்ளது. குறி தவறியவுடன் வாலிபன் மேஜையைப் பார்க்கமாட்டான். குச்சி நுனியைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். சட்டைப் பையிலிருந்து நீல சாக் கட்டியை எடுத்து, தவறு முழுவதும் அந்தத் தோல் நுனியின்மேல் விழும்படி நிதானமாகத் தேய்ப்பான். தேய்த்த பொடியை ஊதுவான். பிறகே போய் உட்காருவான். இச்சடங்குகளோடு ஒரு ஃபிரேம், அதாவது ஒரு முழு ஆட்டம், முடிய ஒரு மணி நேரம் பிடிக்கும். பூலிலோ பந்து பெரிது, 57.15 மில்லிமீட்டர், பாக்கெட் அதைவிடத் தாராளம். ஆட்டத்தை முடிக்கும் எட்டாம் எண் பந்து விழுவதற்குக் கால்மணி போதும்.

கூடங்களில் தோற்றவனே மேஜைக் காசு கொடுக்க வேண்டும் என்பது எழுதாச் சட்டம். இச்சட்டத்தோடு மேற்கூறிய காலக்கணக்கைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்னூக்கரில் ஃபிரேமுக்கு இவ்வளவு என்று வாங்கினால், புதியவர்கள் ஒரே கட்டணத்தில் மாலைப்பொழுதை விழுங்கிவிடுவார்கள். மணிக்கு இவ்வளவு என்று வாங்கினால், கைதேர்ந்தவர்கள் அந்த மணிக்குள் மூன்று ஃபிரேம் முடித்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார்கள். ஆகவே தேர்ந்தவன் மணிக்கணக்கைக் கேட்பான், தேறாதவன் ஃபிரேம் கணக்கைக் கேட்பான். இருவரும் கேட்பது முதலாளிக்கு ஆகாதது. இன்னொரு நுட்பமும் உண்டு. ஸ்னூக்கரில் ஒரு மணி நேரமும் சேர்ந்து ஒரே தோல்வியாக ஒருவன் தலையில் விழுகிறது. பூலில் அதே மணி நாலு ஆட்டமாகப் பிரிந்து, தோல்வியும் காசும் நண்பர்களுக்குள் பங்கீடாகிவிடுவதால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே அவர்கள் வீடு திரும்ப முடிகிறது. எனவே ஸ்னூக்கருக்கு மணிக்கணக்கு, பூலுக்கு ஆட்டக்கணக்கு என்பதே என் துணிபு.

"தோற்றவன் பணம் கொடுப்பது சூதல்லவா? வள்ளுவர் சூதைக் கடிந்து 94ஆம் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கவில்லையா?" என்பது ஆட்சேபம். சூதில் தோற்றவன் பொருள் ஜெயித்தவனுக்குப் போகிறது. இங்கே ஜெயித்தவனுக்கு ஒரு காசும் போவதில்லை, எல்லாம் கூடத்துக்கே வருகிறது. ஆகவே இது சூதன்று, வியாபாரம்.

மற்றொரு கட்சிக்காரர் தமிழ் வாலிபனின் கை எதில் பழகியது என்று பார்க்கச் சொல்லுகிறார்கள். இது கனமான வாதம். வடசென்னைச் சந்துகளில் மாலை விளக்கடியில் கேரம் போர்டைச் சுற்றி நிற்பவர்களைப் பார்த்தவர்கள் இதை உணர்வார்கள். இரண்டு முறை உலக சாம்பியனாகி 1996இல் அர்ஜுனா விருதும் பெற்ற மரியா இருதயம் அந்தச் சென்னைக்காரர்தான். காயினின் எந்தக் கன்னத்தைத் தொட்டால் எந்த மூலைக்குப் போகும் என்பது நம் பையன்களுக்கு எட்டு வயதிலேயே தெரியும். ரெட் போட்டால் போதாது, ஃபாலோவும் போட வேண்டும் என்ற தர்மத்தில் ஊறியவனுக்கு, சிவப்பின் பின்னால் வர்ணம் என்ற ஸ்னூக்கர் விதி பாதி தெரிந்த பாடம். ஆனால் விரலால் சுண்டியவன் குச்சியைப் பிடித்ததும் முதல் நாளே பந்து விழவேண்டும். விழாவிட்டால் அவன் போர்டுக்கே திரும்பிவிடுவான். முதல் நாளில் விழுவது பூல் மேஜையில்.

ஸ்தூலமான சங்கதிகளையும் மறக்கலாகாது. முழு அளவு ஸ்னூக்கர் மேஜையின் எடை ஒரு டன்னுக்கு மேல். துணிக்குக் கீழே இருப்பது மரமன்று, ஐந்து துண்டுகளாக வரும் ஸ்லேட் கல். ஒவ்வொரு துண்டையும் நாலு ஆள் தூக்க வேண்டும். பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியில் இதை ஏற்றுகிறவன், கீழ்க்கடைக்காரரிடம் முன்கூட்டியே சிநேகமாக இருப்பது நலம். கல் பூட்டியபின் ரசமட்டம் வைத்துப் பார்க்கிற மேஸ்திரியை அவசரப்படுத்தக் கூடாது. மட்டத்தில் நூலளவு பிசகினாலும், மெல்ல உருளும் பந்து கடைசி ஒரு சாண் தூரத்தில் தானே ஒரு பக்கம் சாய்ந்து போவதைக் கூடமே பார்த்துச் சிரிக்கும். கம்பளித் துணி ஈரக்காற்றில் மந்தமாகிவிடும். கோவைக்கு இது அவ்வளவு தொல்லையில்லை. கடலோர ஊர்க்காரர்கள் யோசிக்க வேண்டும்.

பில்லியர்ட்ஸ் என்ன ஆயிற்று என்று மூத்தவர்கள் கேட்பது காதில் விழுகிறது. 1958இல் கல்கத்தாவில் வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பட்டம் வென்று, 1964இல் மறுபடியும் வென்ற ஆட்டம் அது. அதை அலட்சியம் செய்வது பாவம். ஆனால் அதற்குத் தனி மேஜை வேண்டாம். ஸ்னூக்கர் மேஜையே போதும், பந்துகள் மூன்றே. அம்மூன்றையும் கல்லா இழுப்பில் போட்டு வைத்தால், மாதம் ஒருமுறை வரும் பெரியவர் கேட்கும்போது எடுத்துக் கொடுக்கலாம்.

இனி சித்தாந்தம். மேற்படி கூடத்தில் ஸ்னூக்கர் மேஜை ஒன்று, வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்படி. எட்டடி பூல் மேஜைகள் இரண்டு, அதற்குப் பக்கத்தில். மூன்றுக்கும் எதிரே நீளப் பெஞ்சு. பெஞ்சோரத்தில் ஸ்டாண்டோடு ஒரு கேரம் போர்டு, முறை வரும்வரை காத்திருப்பவர்களுக்காக. பெரிய மேஜை கூடத்துக்குக் கௌரவம் தரும், சிறிய மேஜைகள் வாடகை தரும், பெஞ்சில் உட்கார்ந்து யோசனை சொல்லுகிறவர்கள் நாளைய ஆட்டக்காரர்கள் ஆவார்கள். நான்காவது மேஜைக்கும் இடமிருக்கிறதே என்று மாமனார் சொல்லக்கூடும். பெஞ்சை மட்டும் எடுக்கச் சம்மதிக்க வேண்டாம்.

கூடம் திறக்க எண்ணியிருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டடக்காரரிடம் முன்பணம் கொடுக்குமுன், 58 அங்குலக் குச்சி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போங்கள். நடுவில் தூண் இருந்தால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும், வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.