நொடி சுத்தக்காரர்

அலுவலகங்களில் கணிப்பொறிகளைப் பராமரிக்கும் உத்தியோகஸ்தர்களுள் ஒரு தனி ரகம் உண்டு, அவர்களிடம் போய், "மணி என்ன ஆகிறது, ஸார்?" என்று கேட்பதைப் போன்ற அபாயகரமான காரியம் வேறொன்றில்லை. சாமானிய மனிதன் மணிக்கட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிடுவான். நம்மவரோ, கேட்டவருடைய கடிகாரம் யாரைப் பார்த்துத் திருத்தப்பட்டது, அந்த யாரோ யாரைப் பார்த்துத் திருத்திக்கொண்டார் என்று பூர்வோத்தரங்களை விசாரித்து முடிக்காமல் வாய் திறக்கமாட்டார்.

அவருடைய சித்தாந்தப்படி நேரத்துக்கும் குருபரம்பரை உண்டு. ஆதிகுரு சீஸியம் அணுக் கடிகாரம். அதனிடம் நேரே உபதேசம் பெற்ற சர்வர் முதல் படி. அதைக் கேட்டது இரண்டாம் படி. இவ்விதம் பதினைந்து வரை இறங்கலாம், பதினாறு என்றால் நேரமே அறியாத ஜடம். 1985-இல் டேவிட் மில்ஸ் என்ற அமெரிக்கர் வரைந்தளித்த, கணிப்பொறிகள் வலைவழியே ஒன்றையொன்று கேட்டு நேரத்தைத் திருத்திக்கொள்வதற்கான என்.டி.பி. விதிகளே அவருக்கு வேதம். இந்திய நேரத்தைப் பரிபாலிக்கும் புதுடெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகமே க்ஷேத்திரம்.

வேதத்தை ஆபீஸோடு நிறுத்திக்கொண்டால் பாதகமில்லை. புளி விலை விசாரிப்பதானாலும் நாலு பேரைக் கேட்பார். மூவர் ஒத்துச் சொல்ல, ஒருவர் மாறிச் சொன்னால், அவரைப் பொய்க் கடிகாரமென்று தள்ளிவைத்து, அப்புறம் அவர் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூடப் போகமாட்டார். கேள்வி போய்ப் பதில் வந்த காலத்தில், எதிராளி யோசித்த பொழுதைக் கழித்து, மிச்சத்தில் பாதியைப் பதிலோடு கூட்டிக்கொள்வதும் அவர் வழக்கம். போன வழியும் வந்த வழியும் சமம் என்ற ஊகத்தில் நிற்கிறது இந்தக் கணக்கு. அதை அவரிடம் எடுத்துச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

அவருடைய இல்லறமும் இதே சாஸ்திரப்படிதான். பிழை 128 மில்லிவினாடிக்கு உட்பட்டதானால், என்.டி.பி. நிரல் கடிகாரத்தைப் பிடித்துத் திருப்பாது. அதன் ஓட்டத்தைச் சற்றே முடுக்கியோ தளர்த்தியோ, ஒருவரும் அறியாமல் நேர்செய்துவிடும். மனைவியோடு சில்லறை அபிப்பிராய பேதம் வந்தால் அவரும் அவ்வண்ணமே இரண்டு நாளில் மெள்ள அந்த அம்மாளின் கட்சிக்கு நகர்ந்துவிடுவார். பிழை 1000 வினாடியைத் தாண்டினாலோ, நிரல் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத் தானே நின்றுபோகும். அவரும் "இனி நான் பேசுவதற்கில்லை" என்று ஒரு வாக்கியம் உதிர்த்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொள்வார். நின்ற நிரலை, எவ்வளவு பெரிய திருத்தமானாலும் இந்த ஒரு தடவை ஏற்றுக்கொள் என்ற கட்டளையோடு மறுபடி துவக்க வழியிருக்கிறது. அந்த அம்மாள் காபி டம்ளரோடு திண்ணைக்கு வருவது அதற்காகத்தான்.