லிஸ்ட்டு அண்ணன்

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் நுழைந்தாலும் ஒரு கட்டிங் மாஸ்டர் இருப்பார், யாரையாவது திட்டிக்கொண்டே நடக்கும் ஒரு சூப்பர்வைசர் இருப்பார், பிள்ளையார் படத்துக்குக் கீழே உட்கார்ந்து டெலிவரி சலான் எழுதும் ஒரு கணக்கர் இருப்பார். நான்காவதாக ஒருவர் உண்டு. சம்பளக் கணக்கில் அவருக்கு 'குவாலிட்டி' என்று பெயர். செக்கிங் டேபிள் பக்கம் பத்து நிமிஷம் நின்றால் போதும், அவரே வெளிப்பட்டுவிடுவார். "பேய்ப் படத்துல டாப் அஞ்சு சொல்லு கண்ணு, பாக்கலாம்" என்று ஏதோ ஒரு பையனை மடக்கும் குரல் கேட்கும். அவர்தான் லிஸ்ட்டு அண்ணன்.

வயது நாற்பதுக்கு மேல். கழுத்தில் இன்ச் டேப், கையில் டிரிம்மர், செல்போன் கவருக்குள் நாலாக மடித்த ஒரு காகிதம். ஏதோ ஒரு கம்பெனியின் அளவு சார்ட்டின் பின்பக்கம் அது. அதில் பத்துப் படங்களின் பெயர் இருக்கும். பத்தில் ஒன்பது அசையாது. அந்த நாள், காதலிக்க நேரமில்லை, தில்லானா மோகனாம்பாள், முள்ளும் மலரும், நாயகன், கரகாட்டக்காரன், மைக்கேல் மதன காமராஜன், தேவர் மகன், பாட்ஷா. பத்தாவது இடத்தை மட்டும் அண்ணன் ஜாப் ஒர்க்குக்கு விட்டிருக்கிறார். பேக்கரியில் டீக்கும் தேங்காய் பன்னுக்கும் காசு கொடுப்பவர் விஜய் ரசிகர் என்றால் அங்கே கில்லி வந்து உட்காரும். அஜித் ரசிகர் என்றால் மங்காத்தா. இருவரும் சேர்ந்து வந்துவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை 10-ஏ, 10-பி என்று பிரித்துக் கொடுத்தார்.

படம் நல்லாயிருக்கு, நல்லாயில்லை என்று அவர் பேசிக் கேட்டதில்லை. ஃபர்ஸ்ட், செகண்ட்ஸ், ரிஜெக்ட், அவ்வளவுதான். ஒரு படத்தைப் பற்றி அவர் சொல்லக்கூடிய ஆகக் கொடூரமான தீர்ப்பு, "அதைக் காதர்பேட்டைக்குப் போட்டாச்சுங்க" என்பது. ஏற்றுமதியில் மிஞ்சியதும் பழுதானதும் குவியலாக விலை போகும் கடைவீதி அது. சென்னையில் கோடிகளைக் கொட்டி எடுத்த சில படங்கள், அண்ணன் கணக்கில், இன்னும் அந்தக் குவியலில் தலைகீழாகக் கிடக்கின்றன.

தீர்ப்புக்கு அவர் வைத்திருக்கும் சட்டம் ஊருக்கே தெரிந்த ஏ.க்யூ.எல். 2.5. வெளியாட்களுக்காகச் சொல்கிறேன். 3,000 உருப்படி உள்ள ஒரு லாட்டை முழுக்கப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். கலந்து 125 பீஸ் எடுப்பார்கள். அதில் மேஜர் குற்றம் 7 வரை இருந்தால் லாட் பாஸ். 8 வந்தால் ஃபெயில், மறுபடி அத்தனையும் பிரித்துச் செக்கிங். நூல் பிசிறு மாதிரி மைனருக்குக் கொஞ்சம் தாராளம், 10 வரை விடுவார்கள். ஒடிந்த ஊசி முனை துணிக்குள் இருந்தால் அது கிரிட்டிக்கல். ஒன்றே போதும், பேச்சே கிடையாது.

இந்தச் சட்டத்தை அண்ணன் அப்படியே வெள்ளித்திரையில் விரித்துவிட்டார். பாட்டுக்காக திடீரென்று சுவிட்சர்லாந்து போவது மைனர். ஒரே குண்டில் ரெண்டு ஜீப் வெடிப்பது மேஜர். கதாநாயகன் செத்து, இடைவேளைக்குப் பிறகு அவனுடைய ரெட்டைப் பிறவி வந்தால் கிரிட்டிக்கல். எம்.ஜி.ஆர். கன்னத்தில் ஒரு மச்சத்தை ஒட்டிக்கொண்டதும் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாமல் போகிறதே, அது என்ன வகை என்று ஒரு பையன் கேட்டான். அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "75க்கு முந்தின லாட்டுக்கு அது மைனர் கண்ணு. அன்னைக்கு பையர் அதைக் கேட்டுத்தான் வாங்கினான்."

சட்டத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் முடிந்து வெளியே வர ராத்திரி எட்டரை. சனிக்கிழமை என்றால் சம்பளம் போட்டு முடிக்க இன்னும் நேரமாகும். பிறகு ரெண்டாம் ஆட்டம். காலையிலிருந்து நின்றவர் தியேட்டரில் உட்கார்ந்ததும் என்ன ஆவார் என்று சொல்ல வேண்டியதில்லை. பெயர் போடும்போது விழித்திருப்பார், இடைவேளை வெளிச்சத்தில் விழிப்பார், சண்டைச் சத்தத்தில் ஒருமுறை விழிப்பார். "முழுசாப் பாத்தீங்களாண்ணா?" என்று யாராவது கேட்டால் அவருக்கு வெட்கமே வராது. "3,000 பீஸுக்கு 125 பாத்தாப் போதும்னு வெளிநாட்டுக்காரனே சொல்றான். மூணு மணி நேரப் படத்துக்கு எனக்கு இருபது நிமிசம் போதாதா?"

இத்தனைக்கும் அந்த இருபது நிமிஷத்தில் அவர் கண்ணில் படுவது சாதாரணமாக மற்றவர் கண்ணில் படாது. 'அந்த நாள்' படத்தை அவர் த்ரில்லர் பிரிவில் முதலில் வைத்திருக்கும் காரணத்தைக் கேளுங்கள். 1954இல் எஸ்.பாலசந்தர் ஒரு பாட்டுகூட இல்லாமல் எடுத்த படம். "அது பிளெயின் பீஸுங்க. பிரிண்ட் இல்ல, எம்ப்ராய்டரி இல்ல, லேபிள்கூட உள்ளார. பிரிண்ட் போட்டா ஓட்டையை மறைச்சுக்கலாம். பிளெயின்ல ஒரு ஊசி தப்பினாலும் காட்டிக் குடுத்துரும். தப்பவே இல்லியே!" சினிமா விமர்சனம் எழுதிச் சம்பாதிப்பவர்கள் பாட்டில்லாத படங்களைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை.

காலத்தையும் அவர் பத்தாண்டு பத்தாண்டாகப் பிரிப்பதில்லை. சாயப்பட்டறைக் கணக்குதான். கருப்பு வெள்ளை எல்லாம் சாயம் ஏறாத க்ரே துணி. 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'அலிபாபாவும் 40 திருடர்களும்' தமிழில் முழு நீளத்துக்கும் சாயம் ஏறிய முதல் லாட். 1964இல் வந்த 'கர்ணன்' 2012இல் புதுப்பித்து மறுபடி வெளியாகி ஓடியபோது, "ரீ-டையிங் பண்ணியும் ஷேட் மாறல பாருங்க" என்று கம்பெனி கம்பெனியாகச் சொல்லிக்கொண்டு போனார்.

அவருடைய பட்டியலில் நேர்மைக் குறைவான பகுதி ஒன்று உண்டு என்றால் அது உள்ளூர்க் கோட்டா. கவுண்டமணி உடுமலை பக்கம் வல்லக்குண்டாபுரத்துக்காரர் என்பதால் அவர் வாயைத் திறக்கும் எந்தப் படத்துக்கும் ஐந்து மார்க் இனாம். உடுமலை நாராயணகவி பாட்டெழுதியிருந்தால் மூன்று. கோவை பட்சிராஜா ஸ்டூடியோ எடுத்த 'மலைக்கள்ளன்' அந்தக் கணக்கில்தான் சரித்திரப் படப் பிரிவுக்குள் நுழைந்தது. அது சரித்திரப் படமே இல்லையே என்றால், "ஊர்ச் சரித்திரமுங்க" என்பார். 'சதி லீலாவதி'யில் கமலும் கோவை சரளாவும் பேசும் பேச்சை அவர் நகைச்சுவைப் பிரிவில் சேர்க்கவே இல்லை. வீட்டில் பேசுகிற மாதிரிப் பேசினால் அது எப்படிக் காமெடியாகும் என்பது அவர் வாதம்.

இந்தக் கோட்டாதான் அவருக்கு ஓயாத வம்பு. திருப்பூரில் தையல் மிஷினுக்கு ஒரு மாவட்டம். மதுரைப் பையன் சுப்பிரமணியபுரம் இல்லாத லிஸ்ட்டு ஒரு லிஸ்ட்டா என்பான். நெல்லைக்காரன் பரியேறும் பெருமாளைக் கேட்பான். தேனிக்காரர்கள் பாரதிராஜாவுக்குக் கீழே யாரைப் போட்டாலும் சரி, மேலே யாரையும் போடக்கூடாது என்பார்கள். எல்லாரையும் அண்ணன் சமாளித்துவிடுவார். பவர்டேபிளில் உட்காரும் ஒடிசா பையன் ஒருவன்தான் அவரைக் கலங்கடித்தான். அவனுக்குத் தமிழ்ப் படம் என்ன தெரியும் என்று நினைத்து, போனால் போகிறதென்று ஒரு கேள்வி கேட்டார். அவன் கைதியிலிருந்து ஆரம்பித்தான். தமிழ், தெலுங்கு என்று கலந்து இருபது முப்பது படம், அத்தனையும் இந்தி டப்பிங்கில், கதையோடு சொன்னான். எந்தப் படத்துக்கும் அவன் சொன்ன பெயர் அண்ணனுக்குப் புரியவில்லை. கதையை வைத்து இவர் தமிழ்ப் பெயர் கண்டுபிடிக்க, டீ டைம் முடிந்துவிட்டது. "அவன் முழுசாப் பாக்கறானுங்க" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். குரலில் பயம் இருந்தது.

மெர்ச்சண்டைசிங்கில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, லண்டனில் 'சைட் அண்ட் சவுண்ட்' என்று ஒரு பத்திரிகை 1952லிருந்து பத்து வருஷத்துக்கு ஒருமுறை உலகப் படங்களை வரிசைப்படுத்துகிறது என்று சொன்ன நாளில் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் தொழிலை ஒருத்தன் வெளிநாட்டில் பெரிய அளவில் செய்கிறான்! விவரம் கேட்டார். 1952இல் முதலிடம் 'பைசைக்கிள் தீவ்ஸ்', ஒரு சைக்கிள் தொலைந்துபோன இத்தாலிப் படம். "நம்ம பராசக்தி வந்த வருசம் அவன் சைக்கிளுக்குக் குடுத்திருக்கான். செரி, இருக்கட்டும். பல்சர் காணாமப் போச்சே, பொல்லாதவன், அது எத்தனாவது?" 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் 'சிட்டிசன் கேன்'. இது அவருக்குப் பிடித்திருந்தது. ஒன்பது இடம் அசையாத தன் லிஸ்ட்டுக்கு அது ஆதரவு. 2012இல் 'வெர்டிகோ'. 2022இல் 1,600க்கும் மேற்பட்ட விமர்சகர்கள் ஓட்டுப் போட்டு, ஷாந்தால் அகெர்மான் என்ற பெல்ஜியம் பெண் இயக்குநர் 1975இல் எடுத்த 'ஜான் தியல்மான்' முதலிடம். ஒரு பெண் வீட்டு வேலை செய்கிறாள், உருளைக்கிழங்கு உரிக்கிறாள், படுக்கையை மடிக்கிறாள், 201 நிமிஷம்.

"கெழங்கு உரிக்கறதுக்கா? 1,600 பேரு செக் பண்ணியா பாஸ் பண்ணினாங்க?" என்று அண்ணன் டேபிளைத் தட்டினார்.

எதிர் டேபிளில் தேனிப் பக்கத்து அக்கா ஒருவர் காலர் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார்: "காலங்காத்தால இருந்து நாங்க உரிக்கிறப்ப ஒருத்தரும் மார்க்குப் போடல. அந்த ஊர்க்காரவுகளாச்சும் போட்டிருக்காகளே."

உங்க முதல் படம் எது என்று அந்த அக்காவைக் கேட்டேன். "நான் தேட்டருக்குப் போயி ரெண்டு தீவாளி ஆச்சு. கடைசியாப் பாத்ததுதேன் மொத நம்பரு" என்றார். அண்ணன் இதற்குப் பதில் சொல்லவில்லை. ஜான் தியல்மான் ஹோல்டில் வைக்கப்பட்டது.

லிஸ்ட்டு அண்ணன்மார் பெருகியதற்கு எனக்கு ஒரு காரணம் தோன்றுகிறது. முன்பெல்லாம் தரம் பிரிக்கும் வேலையைத் தியேட்டர் சுவரே செய்துவிட்டது. 1944இல் வந்த ஹரிதாஸ் சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அதற்கு மேல் யாரும் காகிதத்தில் எழுதி மடித்து வைத்துக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. 50வது நாள், 100வது நாள், வெள்ளிவிழா என்று போஸ்டரே லிஸ்ட்டு. இன்று வெள்ளிக்கிழமை வந்த படத்தை அடுத்த வெள்ளிக்கிழமை தேட வேண்டியிருக்கிறது. வசூல் எவ்வளவு என்று சக்தி சினிமாஸ் திருப்பூர் சுப்பிரமணியம் பேட்டியில் சொல்லிவிடுவார். தரம் என்ன என்பதை யார் சொல்வது? அண்ணன் இருக்கிறார்.

இன்னொன்றும் உண்டு, அதை அவரிடம் சொல்ல மாட்டேன். வாரத்தில் ஆறு நாளும் அவருடைய பீஸை எங்கிருந்தோ ஒருவர் வந்து நீட்டிப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டி, உதட்டைப் பிதுக்குகிறார். ஷேட் சரியில்லை, துணியின் எடை, அதாவது ஜி.எஸ்.எம்., குறைகிறது, கை அரை சென்டிமீட்டர் நீளம். அண்ணன் தலையாட்டிக்கொண்டே நிற்கிறார். ஏழாம் நாள் பேக்கரி வாசலில் மணிரத்னம் நிற்கிறார். அண்ணன் உதட்டைப் பிதுக்குகிறார். நாயகனை மட்டும் அவர் ரொம்பச் சோதிப்பதில்லை. 2005இல் 'டைம்' பத்திரிகை நூறு சிறந்த படங்களில் அதையும் சேர்த்துவிட்டது. பையர் அப்ரூவல் ஆன பீஸை மறுபடி பிரிப்பது வழக்கமில்லை.

அவர் லிஸ்ட்டில் சேர வாய்ப்பே இல்லாத படம் என்று நாங்கள் எல்லாரும் நம்பியிருந்தது '96'. 2018இல் வந்ததிலிருந்து அவர் அதை மன்னிக்கவில்லை. "ஒரு ராத்திரி முழுக்க ரெண்டு பேரும் நடக்கறாங்க, பேசறாங்க. ஒரு ஷிப்டுக்கு ஒரு பீஸ் வெளிய வரலீங்க. எந்த மொதலாளி ஒத்துக்குவான்?" காதர்பேட்டைக்குக்கூட அனுப்பாமல் வேஸ்ட்டில் போட்டிருந்தார்.

போன சீசனில் ஒரு ஃபைனல் இன்ஸ்பெக்ஷன். 3,000 பீஸ், மறுநாள் தூத்துக்குடிக்கு கன்டெய்னர். பையர் ஆபீஸிலிருந்து வந்த கியூ.சி. இருபத்தெட்டு வயதுத் தம்பி, பேசவே மாட்டான். குற்றம் கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டே போனான். நூறு பீஸ் முடிவதற்குள் மேஜர் ஏழு. அண்ணன் நெற்றியில் வியர்வை. அடுத்த பீஸை எடுத்தான், கீழ் மடிப்பில் தையல் லேசாக வளைந்திருந்தது. ஸ்டிக்கரை உரித்தான். அப்போது அவன் செல்போன் அடித்தது. ரிங்டோனில் 96 படத்துப் பாட்டு.

அவன் கட் செய்துவிட்டு மறுபடி பீஸைப் பார்த்தான்.

"ராம் பாவமுங்க" என்றார் அண்ணன், யாரிடமோ சொல்வது போல.

கியூ.சி. நிமிர்ந்தான். "நீங்க பாத்தீங்களா சார்?"

"மூணு தடவை. ஒவ்வொரு தடவையும் முழுசா."

அதற்குப் பிறகு ஜானுவைப் பற்றியும் மஞ்சள் குர்த்தாவைப் பற்றியும் அரை மணி நேரம் பேச்சு நடந்தது. பேச்சுக்கு நடுவே அந்த மடிப்பை இழுத்து, நீவி, தள்ளி வைத்துப் பார்த்து, மைனர் என்று எழுதினான். லாட் பாஸ்.

அடுத்த ஞாயிறு பேக்கரியில் காகிதத்தை வாங்கிப் பார்த்த மதுரைப் பையன் திடுக்கிட்டான். "என்னண்ணே, 96 நாலாவது எடத்துல இருக்கு? அதத்தேன் வேஸ்ட்டுல போட்டீங்களே!"

அண்ணன் பன்னைப் பிட்டு டீயில் நனைத்தார்.

"ரீ-செக்கிங்ல பாஸ் ஆயிருச்சு கண்ணு."