கோட்டை முழுசா வரணும்

ஃப்ளோரிடாவில் டிஸ்னியின் மேஜிக் கிங்டத்துக்குள் இருட்டிய பிறகு போனால், பின்பக்கமாக நடக்கும் ஆண்கள் பலரைப் பார்க்கலாம். எல்லா நாட்டாரும் அதில் உண்டு. நம்மவரைத் தனியாகக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. அவர் பின்னால் போகப் போக, எதிரே வரிசையாக நிற்பவர்களில் ஓர் அம்மாள், “மாப்பிள்ளை எங்கேடி போறாரு?” என்று மகளிடம் கேட்டுக்கொண்டிருப்பார்.

மாப்பிள்ளை எங்கும் போய்விடவில்லை. கோட்டையின் உச்சிக் கூம்பு ஃப்ரேமுக்குள் வரவில்லை, அதற்காகத்தான் நகர்கிறார். முதுகில் ஒரு ஸ்ட்ரோலர் இடிக்கும். “சாரி” என்பார். இன்னும் இரண்டடி போவார். ஐஸ்கிரீமோடு வந்த ஒருவர்மேல் மோதுவார். “சாரி, சாரி” என்பார். கண் மட்டும் போனைவிட்டு அகலாது.

அட்லாண்டாவிலோ சார்லட்டிலோ மென்பொருள் வேலை இவருக்கு. மாமனாரும் மாமியாரும் ஆறு மாதத்துக்கு வந்திருக்கிறார்கள். நயாகரா ஆயிற்று, நியூயார்க் ஆயிற்று, பாக்கி இது ஒன்றுதான். வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவார்கள் என்பதால் எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் டப்பாவில் வந்திருக்கின்றன. நுழைவுச் சீட்டின் விலையை மாமனாரிடம் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துச் சொல்லியிருக்கிறார். அந்தத் தொகையும் மாமியார் காதுக்குப் போக வேண்டாமென்று மாமனார் தாமாகவே முடிவு செய்துவிட்டார்.

பகல் வெளிச்சத்தில் இவரும் எல்லோரையும் போன்ற மனிதர்தான். படமெடுப்பார், ஆனால் ஈடுபாடு இருக்காது. பகல் படங்கள் தாமாகவே நன்றாக வந்துவிடுகின்றன. அதனாலேயே அவற்றின்மேல் அவருக்கு மரியாதை கிடையாது. “இதெல்லாம் சும்மா மாமா. நைட்ல லைட்டிங்கோட எடுக்கிறேன், அப்பப் பாருங்க” என்பார். மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்ற மாமனார், லைட்டிங் என்ற சொல்லைக் கேட்டதும் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

ஆயுதங்களில் செல்ஃபி குச்சி வாசலோடு போய்விடும். டிஸ்னி பூங்காக்களில் 2015-லிருந்து அதற்குத் தடை. முக்காலிக்குத் தடை இல்லை, ஆனால் சாதாரண முதுகுப்பைக்குள் அடங்க வேண்டும், விரித்தால் ஆறடியைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டு விதிக்கும் மயிரிழையில் உட்பட்ட முக்காலி ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கிறார். நாளெல்லாம் சுமக்கிறார். ராத்திரி அதை விரிக்க வேண்டிய இடத்தில் ஐந்து குடும்பங்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கின்றன. ஸ்ட்ரோலரின் அடிக்கூடையில், காலியான எலுமிச்சை சாத டப்பாவுக்குப் பக்கத்தில் முக்காலி படுத்துக்கொள்கிறது.

இரவுப் படம் எடுக்கத் தெரிந்தவர்கள் நல்ல இருட்டு வரும்வரை காத்திருப்பதில்லை. சூரியன் மறைந்த பிறகு இருபது நிமிடம், மிஞ்சினால் அரைமணி, வானம் கருநீலமாக இருக்கும். விளக்குகளும் ஏற்றியாகியிருக்கும். வானத்து வெளிச்சம் முகத்தில் மெல்லப் படியும், விளக்கு வெளிச்சம் கோட்டையில் நிற்கும், ஒன்றை ஒன்று அமுக்காது. ஜூன் மாதம் ஆர்லாண்டோவில் எட்டே கால், எட்டரைக்குத்தான் சூரியன் மறைகிறது. ஆக, எட்டே முக்காலுக்கு நம்மவர் குடும்பத்தோடு கோட்டை முன்னால் நின்றிருக்க வேண்டும். நின்றதுண்டா? அந்த நேரத்தில் அவர் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயிலுக்கு வரிசையில் நிற்கிறார். “இன்னும் நாற்பது நிமிஷம்தான் காட்டுது” என்று குடும்பத்துக்குத் தெம்பு சொல்கிறார். வெளியே வரும்போது வானம் மை.

பிறகு ஆரம்பிக்கும் கச்சேரி.

சிண்ட்ரெல்லா கோட்டையின் உயரம் 189 அடி. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி பூங்கா திறந்த நாளிலிருந்து நிற்கிறது. அதில் செங்கல் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் எஃகும் கான்கிரீட்டும் ஃபைபர்கிளாஸும்தான். மேலே போகப் போக ஜன்னல்களையும் கோபுரங்களையும் சிறிது சிறிதாக்கிக் கட்டியிருப்பதால், உள்ளதைவிட உயரமாகக் கண்ணுக்குத் தெரியும். இத்தனையையும் மாப்பிள்ளை ஒப்பிக்க, மாமனார் ஒன்றே ஒன்று கேட்பார். “உச்சியில ரெட் லைட் காணோமே, மாப்ளே?” 200 அடியைத் தாண்டினால்தான் விமானங்களுக்காக எச்சரிக்கை விளக்குப் போட வேண்டும், அதற்குள்ளேயே நிறுத்திவிட்டார்கள் என்று மாப்பிள்ளை சொல்வார். அன்றைக்குச் சுற்றிக் காட்டியதில் மாமனார் முழு மனதோடு ரசித்தது அந்த ஒரு தகவலைத்தான்.

கோட்டை முழுசா வரணும் என்பது நம்மவரின் கொள்கை. இதில் சமரசம் இல்லை. 189 அடி முழுசாக வர வேண்டுமென்றால் ஐந்தடி மாமியார் தீக்குச்சியாக வேண்டியிருக்கிறது. அது மனைவிக்குப் பிடிக்காது. “அம்மா முகமே தெரியலைங்க, ஊருக்கு எப்படி அனுப்பறது?” என்பாள். உடனே அல்ட்ரா வைட் லென்ஸுக்கு மாறுவார். பெரும்பாலான போன்களில் இருட்டுக்கு ஆகாத லென்ஸ் அதுதான். தவிர, ஓரத்தில் நிற்பவர்களை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்துவிடும். ஓரத்தில் எப்போதும் நிறுத்தப்படுகிறவர் மாமியார். ஆகவே ஊருக்கு அனுப்ப முடியாத படம் இன்னொன்று சேரும்.

இந்த மாமனார் மாமியாரின் பழைய ஆல்பத்தில் பொருட்காட்சி ஸ்டூடியோவில் எடுத்த படம் நிச்சயம் ஒன்று இருக்கும். பின்னால் திரைச்சீலையில் தாஜ்மஹால், இல்லாவிட்டால் அட்டையில் வெட்டிய விமானம். அந்த ஸ்டூடியோக்காரர் பல்புகளை ஆளுக்கு முன்னால் வைத்தார். தாஜ்மஹாலை ஆளுக்குப் பின்னால் எட்டடிக்குள் அடக்கினார். ஷாஜகான் வந்து கேட்டிருந்தாலும் அதைப் பெரிதாக்கியிருக்க மாட்டார். நம்மவரோ ஒளியெல்லாம் கோட்டைமேல் இருக்க, மனிதர்களை அதற்கு முதுகு காட்டி இருட்டில் நிறுத்திவிட்டு, முகம் ஏன் கறுப்பாக வருகிறது என்று போனைக் கோபித்துக்கொள்கிறார்.

முதல் வைத்தியம் ஃப்ளாஷ். போனில் இருக்கும் அந்தச் சின்ன விளக்கு ஆறேழு அடிக்கு மேல் உருப்படியாக எட்டாது. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்பங்காகிவிடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். இவர் இருபதடி தள்ளி நின்று அடிக்கிறார். குடும்பம் இருட்டிலேயே இருக்கிறது. நடுவே குறுக்கிட்ட யாரோ ஒருவருடைய வழுக்கைத் தலை மட்டும் ஜெகஜ்ஜோதியாக விழுகிறது. மாமனார் எட்டிப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். “லோடு ஜாஸ்தி, சப்ளை பத்தலை மாப்ளே.”

அடுத்தது நைட் மோடு. 2018-ல் கூகுள் பிக்சலில் வந்தது, 2019-ல் ஐபோன் 11-ல் வந்தது. அன்றோடு இந்த வர்க்கத்தாருக்கு இருட்டின்மேல் இருந்த பயம் விட்டுப்போயிற்று. அந்த முறையில் போன் சில விநாடிகளுக்குள் பல படங்களை எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தரும். அதுவரை எதிரே நிற்பவர்கள் அசையக் கூடாது. “மூணு செகண்டு! யாரும் மூச்சு விடாதீங்க!” என்று கத்துவார். மாமியார் நிஜமாகவே மூச்சை அடக்கிவிடுவார், விசாவுக்குப் படம் பிடித்தபோது வைத்திருந்த அதே முகத்தோடு. ஐந்து வயதுப் பையனுக்கு மூன்று விநாடி என்பது ஒரு யுகம். வந்த படத்தில் கோட்டையின் ஜன்னல் கம்பிவரை தெளிவாக இருக்கும். பையனுக்கு மூன்று கை இருக்கும், முகம் இருக்காது.

“எவ்வளவு ஷார்ப்பா வந்திருக்கு பாரு.”

“எல்லாம் சரிங்க, நம்ம புள்ளை எங்க?”

இடையில் நிறப் பிரச்சினை வேறு. கோட்டை நீலத்திலிருந்து ஊதாவுக்கும் ஊதாவிலிருந்து இளஞ்சிவப்புக்கும் மாறிக்கொண்டே இருக்கும். இவருக்கு இளஞ்சிவப்புதான் வேண்டும். “வருது, வருது, சிரிங்க” என்பார். ஐந்து பேரும் சிரிப்பார்கள். வந்துகொண்டிருந்தது போய்விடும். சிரிப்பைக் கலைக்காமல் அடுத்த சுற்றுவரை நிற்கச் சொல்வார். ஒரு மனிதன் எவ்வளவு நேரம் பல் தெரிய நிற்க முடியும் என்பதற்கு மாமனாரே சாட்சி.

பத்தடி தள்ளிப் பூங்காவின் சொந்தப் புகைப்படக்காரர் நின்றுகொண்டிருக்கிறார். எங்கே நிறுத்தினால் முகமும் வரும் கோட்டையும் வரும் என்று அவருக்குப் பாடம். கேட்டால் நம் போனிலேயே ஒன்று எடுத்தும் கொடுப்பார். நம்மவர் கேட்க மாட்டார். “அவங்களுக்கு அது வியாபாரம். நம்ம ஆளுங்களை நமக்குத்தானே தெரியும்?” என்பார். உண்மையான காரணம் அங்கே இருக்கும் வரிசை. சுரங்க ரயிலுக்கு நிற்பார், இதற்கு நிற்க மாட்டார். நின்றால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இந்தக் களேபரத்தில் வாணவேடிக்கை வந்துவிடும். ‘ஹாப்பிலி எவர் ஆஃப்டர்’ என்று பெயர். 2017-ல் தொடங்கி, இடையில் நின்று, 2023-ல் திரும்பி வந்தது. விவரம் தெரிந்தவர்கள் முதல் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் எடுக்க வேண்டியதை எடுத்துவிட்டுப் போனைப் பைக்குள் போட்டுவிடுவார்கள். அதற்கப்புறம் காற்றில்லாத நாளானால் புகை அங்கேயே தேங்கும், அடுத்து வெடிப்பதெல்லாம் புகைக்குள்தான் வெடிக்கும். நம்மவர் கடைசிக்காகக் காத்திருக்கிறார். கடைசியில்தானே எல்லாவற்றையும் மொத்தமாகக் கொளுத்துவார்கள்! கொளுத்துகிறார்கள். கோட்டை புகைக்குள் போய்விடுகிறது.

அதுவரை குடும்பத்தைச் சும்மா விட்டாரா என்றால், அதுவும் இல்லை. வானத்தில் பொன்னும் பச்சையுமாகப் பூக்கும்போது, “எல்லாரும் இந்தப் பக்கம், என்னைப் பாருங்க!” என்கிறார். பையன் சிணுங்குகிறான். “அப்பா, நான் அதைப் பார்க்கணும்.” “அப்புறம் போட்டோல பார்க்கலாம்டா கண்ணா.” திருச்சியிலிருந்து இரண்டு விமானம் மாறி வந்த மாமியார், தலைக்குப் பின்னால் கேட்கும் ஒவ்வொரு வெடிக்கும் தோளைக் குலுக்கிக்கொண்டு மாப்பிள்ளையின் முகத்தையே பார்த்தபடி நிற்கிறார். அந்த ஆறு பேரில் வாணத்தைப் பார்த்தவர் படமெடுத்தவர் ஒருவர்தான். அவரும் அதை ஆறங்குலத் திரையில் பார்த்தார்.

கூட்டம் வாசலை நோக்கி நகரும். மெயின் ஸ்ட்ரீட் கடைகள் மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் திறந்திருக்கும். கூரை ஓரமெல்லாம் வரிசை வரிசையாகக் குண்டு பல்புகள், கீழே பெரிய கண்ணாடி ஜன்னல்கள், உள்ளே பளிச்சென்ற வெளிச்சம். மாமனார் அந்த ஜன்னலுக்கு நேரே நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நாற்பதாண்டு அனுபவம், வெளிச்சம் எங்கே விழுகிறது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மடியில் பையன் தூங்கிவிட்டான். மூத்த மகள் அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கிறாள்.

“ஒண்ணே ஒண்ணு. இப்பக் கூட்டம் குறைஞ்சிருக்கு. கோட்டை முன்னால போய்…” என்று ஆரம்பித்தார் நம்மவர்.

மாமியார் அன்றைக்கு முதல் தடவையாக மகளை இடையில் வைக்காமல் நேரே பேசினார். “போனை இப்படிக் கொடுங்க மாப்பிள்ளை. நீங்களும் போய் உட்காருங்க.”

வாங்கியவர் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். லென்ஸின்மேல் மத்தியானத்து உருளைக்கிழங்கு வறுவலின் எண்ணெய், அதன்மேல் பையனின் விரல் ரேகை. ஏசிக் கடையிலிருந்து வெளியே வந்ததில் படிந்த ஈரம் வேறு. விளக்கைச் சுற்றியெல்லாம் விழுந்த வளையத்துக்கு நம்மவர் இரண்டு மணி நேரமாக ஐ.எஸ்.ஓ.வைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாள் முந்தானையால் அழுத்தித் துடைத்தார். மூன்றடி தூரத்துக்கு வந்தார். விரலால் தொட்டார். தூங்குகிற பிள்ளை அசையவில்லை, மற்றவர்களுக்கு அசையத் தெம்பில்லை.

படத்தில் எல்லோருடைய முகமும் இருந்தது. பையனின் கன்னத்தில் ஒட்டியிருந்த சர்க்கரைத் தூள்கூடத் தெரிந்தது. மனைவி அதை அப்போதே ஊர்க் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். நம்மவர் மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கி, மூலை மூலையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

“கோட்டை வரலையே, அத்தை.”

“அது எங்க போயிடப் போகுது? நாளைக்கு வந்து எடுத்துக்கோங்க.”

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தார். டிக்கெட் விலையை இருவரில் எவரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.