சும்மா இரு கண்ணு, ஊர் பொழைக்கட்டும்

பட்டாளத்து ஆஸ்பத்திரியில வேலை பாத்து ரிட்டயர் ஆகி குடிபாலாவுக்கே வந்துட்டே, சந்தோஷம் கண்ணு. வந்தவ டிவி பாத்துக்கினு இருக்கலாம்ல? நோட்டு போட்டு என்னென்னவோ எழுதறியாம், சர்பஞ்ச்சுக்கு வேற நிக்கப் போறியாம். பெரியவன் சொல்றேன், வேணாம்.

கேப்டன் லட்சுமி கதை தெரியுமில்ல? மெட்ராஸ்ல பெரிய வக்கீல் வூட்டுப் பொண்ணு. 1938-ல டாக்டருக்குப் படிச்சு முடிச்சுது. கிளினிக் வெச்சு காசு எண்ணியிருக்கலாம். சிங்கப்பூர் போன எடத்துல, 1943-ல நேதாஜி கூப்பிட்டாருன்னு ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏத்துக்கிச்சு. மலேயாவுல பால்மரம் வெட்டிக்கினு இருந்த நம்ம பொண்ணுங்களும் துப்பாக்கி தூக்கிட்டாங்க. சோறாக்கறது யாருன்னு ஒருத்தராவது யோசிச்சாங்களா?

சண்டை முடிஞ்சாவது அடங்குச்சா? கான்பூர்ல குடியேறி அகதிங்களுக்கு வைத்தியம். 1984-ல போபால்ல விஷவாயு அடிச்சா அங்க ஓட்டம். 1997-ல சொந்தக் கதைய புஸ்தகமாப் போட்டுச்சு. 2002-ல, 87 வயசுல, ஜனாதிபதிக்குப் போட்டி! எதிர்ல ராமேஸ்வரத்து அப்துல் கலாம். தோத்தவங்க மூலையில உக்காரணுமா இல்லையா? மறுபடி கிளினிக்குக்குப் போயி ஏழைங்களுக்கு நாடி பிடிக்குது. 2012-ல 97 வயசுல கண்ணை மூடிச்சு. அப்பவும் லீவு கெடையாது, உடம்பு மெடிக்கல் காலேஜுக்குப் போயிடுச்சு.

நீயும் அப்படிக் கெளம்பினா எங்க கதி? நம்ம ஆந்திராவுல பஞ்சாயத்து சீட்டுல பாதி பொம்பளைங்களுக்கு. எவ்ளோ அழகா நடக்குது! கையெழுத்து பொண்டாட்டிது, நாற்காலி புருஷனுது. மைக் பிடிக்கறதும் அவரு, சால்வை போத்திக்கறதும் அவரு. நீ வந்தா கையெழுத்துக்கு முன்னால பில்லைப் படிப்பே. ஒரு மாத்திரை கொறைஞ்சாலும் கணக்குக் கேட்டுப் பழகினவ. தெருவிளக்கு எத்தனை வாங்கினாங்க, எத்தனை எரியுதுன்னு கேப்பே. கேட்டதை நோட்டுல வேற ஏத்திடுவே. கான்ட்ராக்டருக்குப் புள்ளகுட்டி இல்லையா?

வேணாம்னு சொல்லிட்டேன், பெரியவன் கடமை முடிஞ்சுது. மீறி நாமினேஷன் போடறதா இருந்தா, வூட்டுக்காரரை வூட்லயே வுட்டுட்டுப் போ. ஜெயிச்சதும் மொத நாளே அந்த நாற்காலியில நீ உக்காந்துடு. என் ஓட்டுக்காக இந்தப் பக்கம் அலையாதே. அது உனக்குத்தான், நோட்டுல எழுதிக்க.